லாக்கிங் செயின் கிளாம்ப்: பட்டறையில் அடிக்கடி எழும் கேள்விகள்

உருண்டையான பொருள் வைஸில் சரியாக உட்காராது. கோணல்மாணலான பொருளில் சி கிளாம்ப் வழுக்கும். இன்னொருவர் பிடித்துக்கொள்ள வந்தாலும் அவர் கை நடுங்கும், இல்லாவிட்டால் சுடும். இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே இருப்பது லாக்கிங் செயின் கிளாம்ப். பட்டறைக்குப் புதிதாக வருபவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், பல வருடம் இதைக் கையில் வைத்துப் பழகியதில் நான் கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இது என்ன கருவி? வைஸ் கிரிப்புக்கும் இதற்கும் என்ன உறவு?

வைஸ் கிரிப் என்பது அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் இடுக்கி. இரண்டும் ஒரே குடும்பம். கைப்பிடி, பின்னால் இருக்கும் திருகு, உள்ளே மடங்கி நிமிரும் இணைப்புக் கம்பி, விடுவிக்கும் லீவர் எல்லாமே வைஸ் கிரிப்பில் இருப்பவைதான். தாடைக்கு வேலை குறைந்து, அந்த இடத்தில் ஒரு தட்டைச் சங்கிலி வந்திருக்கிறது. சங்கிலியின் ஒரு முனை ஒரு தாடையில் நிரந்தரமாக மாட்டியிருக்கும். மறுமுனையைப் பொருளைச் சுற்றிக் கொண்டுவந்து, எந்தக் கண்ணி பொருந்துகிறதோ அந்தக் கண்ணியின் பின்னை (கண்ணிகளைக் கோக்கும் குறுக்கு முளையை) அடுத்த தாடையின் பள்ளத்தில் மாட்ட வேண்டும். கைப்பிடியை அழுத்தினால் தாடைகள் நெருங்கும், சங்கிலி இறுகும், அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இந்தப் பூட்டும் முறைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்குக் குடியேறிய வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர், டி விட் என்ற சிற்றூரில் உருவாக்கியது அது. பூட்டும் கைப்பிடிக்கு அவர் 1924இல் காப்புரிமை பெற்றார். உலைக்கு முன்னால் ஒரு கையில் இடுக்கியும் மறுகையில் சுத்தியலுமாக நிற்கும் ஒருவருக்குத்தான் தானாகவே பிடித்துக்கொள்ளும் இடுக்கி வேண்டும் என்று தோன்றும்.

செயின் ரிஞ்சும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேலை வேறு. செயின் ரிஞ்சு, குழாயைத் திருப்புவதற்காகச் செய்தது. கைப்பிடியை எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவு அதன் பிடி இறுகும், கையை எடுத்தால் விட்டுவிடும். செயின் கிளாம்ப் நீங்கள் வைத்த இறுக்கத்திலேயே நிற்கும், கையை எடுத்தாலும் விடாது. லேசான திருப்பும் வேலைக்கு இதைப் பயன்படுத்தலாம். துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டுவதற்கு இது சரிப்படாது. கைப்பிடியின் மேல் குழாயைச் செருகி நெம்பினால், முதலில் வளைவது உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்புக் கம்பி. அது ஒருமுறை வளைந்துவிட்டால் கருவி பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை.

எவ்வளவு பெரிய குழாய் வரை பிடிக்கும்?

வழக்கமாகக் கிடைக்கும் சங்கிலி 18 அங்குலம், அதாவது சுமார் 457 மி.மீ. குழாயின் வெளிவிட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு வந்துவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. எஃகுக் குழாயைப் பெயரளவில் "2 அங்குலம்" என்று சொன்னாலும் அதன் வெளிவிட்டம் 60.3 மி.மீ. "4 அங்குலம்" என்பது வெளியே 114.3 மி.மீ. "6 அங்குலம்" என்பது 168.3 மி.மீ. சங்கிலி சுற்றிப் போவது வெளிப்பக்கத்தை. அதனால் வெளிவிட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

4 அங்குலக் குழாயின் சுற்றளவு சுமார் 359 மி.மீ. சங்கிலி தாராளமாக எட்டும். 5 அங்குலத்துக்கு 444 மி.மீ. வரும், அது விளிம்பில் நிற்கும் கணக்கு. எட்டினாலும் கடைசிக் கண்ணியில்தான் மாட்ட வேண்டியிருக்கும். 6 அங்குலத்துக்கு 529 மி.மீ. வேண்டும், எட்டாது. நீட்டிப்புச் சங்கிலி தேவைப்படும்.

சிறிய பக்கத்திலும் எல்லை உண்டு. ஒவ்வொரு கண்ணியும் நேரான தகடு என்பதால், அரை அங்குலக் குழாயில் (வெளிவிட்டம் 21.3 மி.மீ.) சங்கிலி வட்டமாகச் சுற்றாமல் முக்கோணம் போல நிற்கும். அந்த அளவுக்குச் சாதாரண வைஸ் கிரிப்பே மேல்.

சரியாக மாட்டுவது எப்படி?

அவசரப்படாமல் ஒருமுறை செய்து பாருங்கள், அப்புறம் கை தானாகவே செய்யும்.

கைப்பிடியை முழுதாகத் திறந்து வையுங்கள். பின்பக்கத் திருகைப் பாதி தூரம் வரை வெளியே எடுத்து வைத்தால், இறுக்கவும் தளர்த்தவும் இடம் இருக்கும். சங்கிலியைப் பொருளைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். கையால் இழுத்து, தொய்வு மிகக் குறைவாக இருக்கும் கண்ணியைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பின்னின் இரண்டு முனைகளும் பள்ளத்தில் உட்காரும்படி மாட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து மறுபக்கம் விளிம்பில் ஏறி நிற்பது சகஜமாக நடக்கும் தவறு. குனிந்து கண்ணால் பார்த்துவிடுங்கள், விரலால் தடவிப் பார்த்தால் மட்டும் போதாது. சங்கிலி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பிறகு திருகை வலப்புறம் சுற்றுங்கள். தொய்வு போய், சங்கிலி பொருளைத் தொடும் வரை. இப்போது கைப்பிடியை மூடுங்கள். பாதி வழியில் எதிர்ப்பு தொடங்கி, கடைசியில் 'டக்' என்று தாண்டி விழ வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் மூடினால் தளர்வு. திறந்து, திருகை அரைச் சுற்று உள்ளே விட்டு மறுபடி மூடுங்கள். இரண்டு கையாலும் அழுத்தியும் மூடவில்லை என்றால் திருகை வெளியே எடுங்கள். சுத்தியலால் தட்டி மூடவே கூடாது.

திருகின் அரைச் சுற்றுக்கே இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், உள்ளே இருக்கும் இணைப்புகள் நேர்கோட்டை நெருங்கும் கடைசி நொடியில் கையின் சிறு அழுத்தம் பல மடங்காகப் பெருகுகிறது. பெரிய சரிசெய்தலைக் கண்ணியிலும் நுணுக்கமானதைத் திருகிலும் செய்தால் இந்தக் கருவி கையில் அடங்கும்.

எவ்வளவு இறுக்கினால் போதும்?

என் மனதுக்கு மிக நெருக்கமான கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தக் கருவியின் பலம் அதன் இறுக்கத்தில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். சங்கிலி பொருளின் வடிவத்துக்கு வளைந்து கொடுத்து, பல இடங்களில் ஒரே நேரத்தில் தொடுவதுதான் அதன் உண்மையான பலம். சி கிளாம்ப் இரண்டு புள்ளியில் பிடிக்கிறது. அதனால் அசையாமல் இருக்க அதை நன்றாக முறுக்க வேண்டியிருக்கிறது. செயின் கிளாம்ப் பத்துப் பன்னிரண்டு கண்ணிகளால் அணைத்துப் பிடிப்பதால், அதே அசையாமையைக் குறைந்த இறுக்கத்திலேயே தந்துவிடும். மீதி இறுக்கம் முழுவதும் பொருளைக் காயப்படுத்தத்தான் போகிறது.

தொடக்க காலத்தில் ஒரு சைக்கிள் சட்டத்தின் குழாயில் பொருந்தாத அடைப்பு ஒன்றைப் பற்றவைக்கும் வேலை வந்தது. நழுவிவிடுமோ என்ற பயத்தில் மூன்று முறை திறந்து, மூன்று முறையும் திருகை உள்ளே விட்டேன். மூன்றாவது முறை கைப்பிடி மூடியபோது 'டக்' சத்தத்துக்குப் பதிலாக மெல்லிய 'க்றிச்' கேட்டது. கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால், தாடை விளிம்புகள் இருந்த இடத்தில் குழாய் இரண்டு கோடாக உள்ளே போயிருந்தது. விரல் நகத்தை வைத்தால் நகம் பதியும் ஆழம். அந்தக் குழாயை மீண்டும் வட்டமாக்க முடியவில்லை. முதல் தடவை வைத்த இறுக்கமே போதுமானதாக இருந்தது என்பது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். மூடிய பிறகு பொருளைப் பிடித்து, கிளாம்பைக் கையால் திருப்பிப் பார்ப்பேன். மணிக்கட்டு பலத்துக்கு அது நகரவில்லை என்றால் பிடித்து வைக்கும் வேலைக்குப் போதும். நகர்ந்தால் கால் சுற்று உள்ளே விடுவேன், அரைச் சுற்று விடமாட்டேன்.

இன்னொரு விஷயம். ஒரே இழுவிசைக்குச் சின்னக் குழாயில் அழுத்தம் அதிகம், பெரிய குழாயில் குறைவு. விட்டம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும். ஆகவே 4 அங்குலக் குழாயில் பழகிய கை, 1 அங்குலக் குழாய்க்கு வரும்போது கொஞ்சம் அடங்க வேண்டும்.

மாட்டியபோது நன்றாக இறுகியிருந்தது. வேலை நடுவில் தளர்ந்துவிட்டது. ஏன்?

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, சங்கிலி சாய்வாகச் சுற்றியிருக்கும். குழாயின் அச்சுக்குச் செங்குத்தாகச் சுற்றினால்தான் சுற்றுப்பாதை மிகக் குறைவு. கொஞ்சம் சாய்ந்தால் பாதை நீள்வட்டமாகி நீளம் கூடிவிடும். இறுக்கிய பிறகு ஒரு சின்ன அதிர்வு வந்து சங்கிலி நேரானால், மிச்சமான நீளம் அத்தனையும் தொய்வாக மாறும். மாட்டும்போதே ஒருமுறை பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சங்கிலி ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, உராய்வு. சங்கிலியைத் தாடைகள் இரண்டு முனையிலும் இழுக்கின்றன. ஆனால் பொருளின் மேல் உரசிக்கொண்டே போவதால் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் இழுவிசை குறைந்துவிடுகிறது. உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால், அரைச் சுற்றுக்குள் அது கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதனால் தாடைப் பக்கம் கல்லாக இருக்கும், எதிர்ப்பக்கம் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை அதிர்வில் இது சமமாகும்போது மொத்தமாகத் தளர்ந்தது போலத் தெரியும். தீர்வு எளிது. இறுக்கிய பிறகு ரப்பர் சுத்தியலால் எதிர்ப்பக்கச் சங்கிலியை நான்கைந்து தட்டு தட்டுங்கள். கைப்பிடியைத் திறந்து, திருகைக் கால் சுற்று விட்டு மறுபடி மூடுங்கள். வார்ப்பிரும்பு போன்ற சொரசொரப்பான பொருளில் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

மூன்றாவது, சூடு. பற்றவைக்கும்போது குழாய் விரிந்து சங்கிலியை இழுக்கும். ஆறியதும் குழாய் சுருங்கும், சங்கிலி தன் புது இடத்தில் தளர்வாக நிற்கும். நீண்ட வெல்டிங்கில் நடுவில் ஒருமுறை இறுக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூம்பு வடிவப் பொருள் என்றால் இந்த மூன்றும் தேவையில்லை, சங்கிலி தானாகவே ஒல்லியான பக்கம் நழுவும். அங்கே கீழே ஒரு நிறுத்தக் கட்டை இல்லாமல் பிடிக்க முயல வேண்டாம்.

இரண்டு குழாய்களை நேராக வைத்து வெல்டிங் செய்ய உதவுமா?

இந்தக் கருவிக்கு இதைவிடச் சிறந்த வேலை இல்லை என்பேன். இரண்டு செயின் கிளாம்பும் ஒரு நீளமான எல் ஆங்கிளும் போதும்.

ஆங்கிளை அதன் உட்புறம் குழாய்களைப் பார்த்தபடி, இணைப்பின் மேல் பாலம் போல வையுங்கள். குழாய் ஆங்கிளின் இரண்டு உட்பக்கங்களையும் ஒவ்வொரு கோடாகத் தொடும். இரண்டு குழாய்க்கும் வெளிவிட்டம் ஒன்றாக இருந்தால் அவை தானாகவே ஒரே கோட்டில் வந்து நிற்கும். ஆங்கிள் எந்த அளவு இருக்க வேண்டும்? குழாய் தொடும் கோடு, மூலையிலிருந்து குழாயின் ஆரத்தின் அளவு தூரத்தில் அமையும். ஆகவே ஆங்கிளின் கை அந்த ஆரத்தைவிட நீளமாக இருந்தாக வேண்டும். 60.3 மி.மீ. குழாய்க்கு ஆரம் 30, 40 மி.மீ. ஆங்கிள் போதும். 114.3 மி.மீ. குழாய்க்கு ஆரம் 57, அதற்கு 65 அல்லது 75 மி.மீ. ஆங்கிள் வேண்டும். ஆங்கிள் நேராக இருக்கிறதா என்று முதலில் ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்துவிடுங்கள். வளைந்த ஆங்கிள் வளைந்த குழாயைத்தான் தரும்.

ஒவ்வொரு குழாயிலும் ஒரு கிளாம்ப். தாடை குழாயின் அடிப்பக்கம், சங்கிலி ஆங்கிளின் முதுகு வழியாக. இணைப்பிலிருந்து குறைந்தது 75 மி.மீ. தள்ளி மாட்டினால் தீப்பொறியும் சூடும் நேரடியாகப் படாது. முதலில் இரண்டையும் லேசாகத்தான் மூட வேண்டும். இரண்டு குழாய்களுக்கும் நடுவே தேவையான இடைவெளிக்கு, அதே தடிமன் உள்ள கம்பியை வளைத்துச் செருகுங்கள். ஒரு குழாயைச் சுழற்றியும் தள்ளியும் சரிசெய்துகொண்டு, அப்புறம் கிளாம்ப்களை முழுசாக இறுக்குங்கள்.

டேக் (முழு வெல்டிங்குக்கு முன் வைக்கும் சிறு பற்று) வைக்கும்போது அடுத்தடுத்து வைக்காதீர்கள். முதல் டேக் ஆறும்போது சுருங்கி, அந்தப் பக்கம் இடைவெளியை மூடப் பார்க்கும். அதனால் இரண்டாவதை நேர் எதிரே வையுங்கள். மூன்றும் நான்கும் அவற்றின் நடுவில். ஆங்கிள் மறைக்கும் பக்கத்துக்காகக் கிளாம்பைக் கழற்றி, ஆங்கிளைத் திருப்பி வைத்து மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். அதற்குள் மூன்று டேக்காவது நன்றாக ஆறியிருக்கட்டும்.

கம்பத்தில் கீலோ தாங்கியோ வைத்துப் பற்றவைக்க?

அதே முறைதான். தாங்கியின் மேல் சங்கிலி போகும்படி, கம்பத்தையும் சேர்த்துச் சுற்றுங்கள். தாங்கியின் நடுவில் சங்கிலி போகட்டும், இரண்டு ஓரமும் வெல்டிங்குக்குத் திறந்திருக்கும். துத்தநாகம் பூசிய கம்பம் என்றால் பூச்சை அரைத்து எடுத்த பிறகுதான் நெருப்பு வையுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

வெல்டிங்கில் சங்கிலி கெட்டுப்போகுமா?

தீப்பொறித் துளி கண்ணிகளுக்கு நடுவே விழுந்து ஒட்டினால் அந்த இடம் மடங்காது. மாட்டுவதற்கு முன் தீப்பொறி ஒட்டாமல் தடுக்கும் திரவத்தை லேசாகத் தெளியுங்கள். ஒட்டியிருந்தால் வேலை முடிந்த கையோடு உளியால் தட்டி எடுத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, எர்த் கிளாம்பை (வெல்டிங் மின்னோட்டம் திரும்பிப் போகும் கேபிளின் பிடியை) செயின் கிளாம்பின் கைப்பிடியில் மாட்டுவது. மின்னோட்டம் ஒவ்வொரு பின்னின் சின்னத் தொடுபுள்ளி வழியாகவும் போக வேண்டியிருக்கும். அந்தப் புள்ளிகளில் பொறி பறந்து, பின்னும் கண்ணியும் ஒட்டிக்கொள்ளும். எர்த்தைப் பற்றவைக்கும் பொருளிலேயே மாட்டுங்கள்.

சதுரக் குழாயைப் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஆனால் நிலைமை மாறுகிறது. சங்கிலியின் அழுத்தம் அது வளையும் இடத்தில்தான் இருக்கும். சதுரக் குழாயில் அது நான்கு மூலையில் மட்டும்தான் வளைகிறது. தட்டையான பக்கங்களில் அழுத்தம் பூச்சியம். மூலைகள் நசுங்கும், பக்கத்தில் வைத்த துண்டோ கீழே விழும். ஒரு பக்கத்தில் எதையாவது அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால், அந்தத் துண்டின் முதுகில் அரைவட்டமாகச் செதுக்கிய மரக்கட்டை ஒன்றை வைத்து, அதன் மேல் சங்கிலியை விடுங்கள். சங்கிலி கட்டையின் மேல் வளையும், கட்டை அந்த அழுத்தத்தைத் துண்டின் மேல் இறக்கும்.

புல்லி சுற்றாமல் பிடித்து நடு நட்டைக் கழற்ற?

வி வடிவப் பள்ளம் உள்ள புல்லியில் சங்கிலியை நேரடியாகப் போட்டால் பள்ளத்தின் உதடுகள் சிதையும். அப்புறம் புது பெல்ட் போட்டாலும் சீக்கிரம் தேயும். பழைய பெல்ட்டை வெட்டி, புல்லியின் பள்ளத்தில் ஒரு சுற்று வைத்து, அதன் மேல் சங்கிலியைச் சுற்றுங்கள். பெல்ட்டின் முதுகு பள்ளத்திலிருந்து கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும். ரப்பர் பிடித்துக்கொள்வதால் அதிகம் இறுக்கத் தேவையில்லை. கிளாம்பின் கைப்பிடி வலுவான, நகராத ஏதோ ஒன்றில் போய்ச் சாயட்டும். உங்கள் கையில் சாய வேண்டாம்.

எஞ்சின் கிராங்க் புல்லிகள் சிலவற்றில் வெளி வளையத்துக்கும் நடு மையத்துக்கும் இடையே ரப்பர் வளையம் இருக்கும், அதிர்வை அடக்குவதற்காக. வெளி வளையத்தைப் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைத் திருப்பினால் அந்த ரப்பர் பிய்ந்துவிடும். அங்கே இதைப் பயன்படுத்தாதீர்கள், அந்தப் புல்லிக்கென்று உள்ள பிடிகருவியைத் தேடுங்கள்.

ஆயில் ஃபில்டர் கழற்றலாமா?

கழற்றலாம். எஞ்சினை ஒட்டிய அடிப்பகுதியில் மாட்டுங்கள், அங்கே உள்ளே தடிமனான தகடு இருப்பதால் நசுங்காது. நடு உடம்பு வெறும் தகரம், அங்கே மாட்டினால் கசங்கி ஓட்டை விழும். எண்ணெய் ஆறியிருக்கட்டும். புது ஃபில்டரை இறுக்க மட்டும் இதைத் தொட வேண்டாம், வளைய ரப்பரில் எண்ணெய் தடவிக் கையால் இறுக்கினால் போதும்.

மர வேலைக்கு ஒத்துவருமா?

நீளவாக்கில் பிளந்த நாற்காலிக் காலை ஒட்டுவதற்கு நான் பயன்படுத்தியிருக்கிறேன், அழகாக வந்தது. ஆனால் சங்கிலி மரத்தைத் தொடவே கூடாது. பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து, முதலில் காலைச் சுற்றி ஒரு உறை. அதன் மேல் விரல் அகலத்தில் மெல்லிய மரச் சட்டங்கள், பீப்பாய்க்குப் பலகைகள் நிற்பது போலச் சுற்றிலும். அந்தச் சட்டங்களின் மேல் சங்கிலி. அழுத்தம் ஒரே கோட்டில் விழாமல் சட்டத்தின் நீளம் முழுதும் பரவும். பிளவிலிருந்து பசை மெல்லிய கோடாகப் பிதுங்கி வந்ததும் நிறுத்துங்கள். இன்னும் இறுக்கினால் பசையெல்லாம் வெளியே வந்து, ஒட்டு வறண்டுவிடும். பிதுங்கும் பசை சங்கிலியில் படாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துவிடுங்கள்.

பெட்டி, சட்டம் போன்ற பெரிய வேலைகளுக்கு நாடா கிளாம்ப்தான் சரி.

எங்கெல்லாம் பயன்படுத்தவே கூடாது?

சுருள் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கைச் செயின் கிளாம்பால் கட்டி வைத்துக்கொண்டு மேல் நட்டைக் கழற்றும் பழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதே வயிறு கலங்குகிறது. ஒரு பின் நழுவினால் ஸ்பிரிங்கில் அடைந்திருக்கும் விசை முழுவதும் எதிரில் இருப்பவர் முகத்துக்கு வரும். அதற்கென்று தனியாக ஸ்பிரிங் கம்பிரஸர் இருக்கிறது.

பாரம் தூக்கவும் தொங்கவிடவும் கூடாது. கைப்பிடியின் லீவரில் ஏதாவது தட்டினாலே திறந்துகொள்ளும் கருவி இது. கேஸ் சிலிண்டர், அழுத்தம் உள்ள குழாய், சுழலும் தண்டு, இவற்றின் பக்கமே போக வேண்டாம். குரோம் பூசிய ஹைட்ராலிக் தண்டையும் மோட்டார் சைக்கிள் ஃபோர்க் குழாயையும் ரப்பர் சுற்றினாலும் இதில் பிடிக்காதீர்கள். ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் அதன் மேல் ஏறி இறங்கும் ஆயில் சீல் கிழிந்து கசியத் தொடங்கும்.

சங்கிலி போதவில்லை. சைக்கிள் செயினை இணைக்கலாமா?

கூடாது. கிளாம்பின் சங்கிலியில் ஒவ்வொரு பின்னும் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நீட்டல்தான் பள்ளத்தில் உட்காருகிறது. சைக்கிள் செயினின் பின்கள் தகட்டோடு சமமாக அடங்கியிருப்பதால் மாட்ட இடமே இல்லை. கம்பியால் கட்டி இணைப்பதும் ஆபத்து. நீட்டிப்புச் சங்கிலி தனியாகக் கிடைக்கிறது. இல்லையென்றால் இரண்டு கிளாம்ப்களை ஒன்றின் சங்கிலியை இன்னொன்றின் தாடையில் மாட்டிப் பெரிய வளையமாக்கலாம். இரண்டு பக்கமிருந்தும் இறுக்க முடிவதால் பெரிய குழாயில் இழுவிசையும் சமமாகப் பரவும்.

பராமரிப்பு?

வேலை முடிந்ததும் கம்பித் தூரிகையால் சங்கிலியைத் தேய்த்து, கண்ணிகளின் மூட்டில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மூட்டுக்குள் இருக்க வேண்டும், பொருளைத் தொடும் பக்கத்தில் இருந்தால் வழுக்கும். திருகின் மரையில் கொஞ்சம் கிரீஸ்.

மாதத்தில் ஒருநாள் சங்கிலியை நேராக நீட்டி வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்த ஒரு பின், கண்ணித் தகட்டில் துளையை ஒட்டிய மெல்லிய விரிசல், மற்றவற்றைவிட அதிகம் ஆடும் கண்ணி. இதில் ஒன்று தெரிந்தாலும் சங்கிலியை மாற்றுங்கள். விரிசலைப் பற்றவைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். சூடு பட்ட இடம் பதம் இழந்து, அடுத்த முறை அங்கேயே அறும்.

வாங்கும்போது எதைப் பார்க்க?

சங்கிலியின் எல்லாப் பின்களையும் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் மாட்டிப் பாருங்கள். சில தாராளமாகவும் சில சிக்கிக்கொண்டும் உட்கார்ந்தால் தயாரிப்பு சரியில்லை. பூட்டிய நிலையில் தாடைகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் அதிகம் இருக்கக் கூடாது. பெயிண்ட், பளபளப்பு, பெட்டி எதுவும் எனக்கு ஒரு பொருட்டில்லை.

பூட்டிக்கொண்டது, திறக்க மறுக்கிறது. என்ன செய்ய?

லீவரைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். பின்பக்கத் திருகை இடப்புறம் சுற்றுங்கள். பூட்டிய நிலையிலும் அது இறுக்கத்தைக் குறைக்கும். கையால் முடியவில்லை என்றால் திருகின் முனையை ஸ்பேனரால் பிடிக்கலாம், சில வகைகளில் ஆலன் சாவி போடத் துளையும் இருக்கும். இரண்டு மூன்று சுற்றிலேயே லீவர் இளகிவிடும்.

அந்த நேரத்தில் கிளாம்ப் தாங்கிக்கொண்டிருக்கும் பொருளுக்கு அடியில் முதலில் ஒரு கட்டையை வைத்துவிடுங்கள். முகத்தைச் சங்கிலியின் நேர்கோட்டிலிருந்து விலக்கி, கைப்பிடிகளுக்கு நடுவில் விரலை விடாமல், லீவரை உள்ளங்கையால் அழுத்துங்கள். இறுக்கம் அதிகமாக இருந்த கிளாம்ப் திறக்கும்போது கைப்பிடி ஒரு துள்ளு துள்ளும். நடுவில் விரல் இருந்தால் நகம் போய்விடும்.

அடிக்கடி இப்படிச் சிக்குகிறதே?

ஒவ்வொரு முறையும் நீங்கள் திருகை ஒரு சுற்று கூடுதலாகவே இறுக்குகிறீர்கள். அடுத்த முறை 'டக்' சத்தம் லேசாகக் கேட்ட இடத்தில் நிறுத்தி, மணிக்கட்டால் திருப்பிப் பாருங்கள். நகரவில்லை என்றால் அப்படியே வேலையைத் தொடங்கலாம்.